நெப்போலியனும் பிரஞ்சு நாவும்

உலக வரலாற்றை ஓரளவேனும் பயின்றோர் நெப்போலியன் என்னும் பெயரை அறியாதிரார். அவன் வென்ற போர்களையும், வகுப்பித்த சட்டங்களையும், இறுதியில் எய்திய வீழ்ச்சியையும் விரித்துரைக்கும் நூல்கள் பலவுள. யாம் ஈண்டு உரைக்கப் புகுந்தது அவற்றுள் ஒன்றும் அன்று. பிரஞ்சு மக்களின் பேரரசனாய் முடிசூடிய அவன் பிரஞ்சு மொழியைத் தாய்மடியிற் பயின்றவன் அல்லன். ஒன்பது வயது நிரம்பிய பின்னரே அதனைப் பேசக் கற்றான். கற்றும் அதன் ஒலிகளை அந்நாட்டார் போல் ஒலிக்க இறுதிவரை இயலாதவனாகவே இருந்தான். இவ்வொன்றையே வழியாகக் கொண்டு அவன் வாழ்க்கையை நோக்குவது எம் கருத்து.

ஒருவன் நாவிற் பிறக்கும் ஒலி அவன் பிறந்த இடத்தைக் காட்டிவிடும் என்பது பழங்காலந்தொட்டு மக்கள் கண்ட உண்மை. யோர்தான் துறையைக் கடக்க வந்த எப்பிராயீமரைக் கீலேயாத்தார் ‘ஷிபோலேத்’ என்னும் சொல்லைச் சொல்லுமாறு ஏவி, ‘சிபோலேத்’ எனச் சொன்னாரையெல்லாம் வெட்டி வீழ்த்திய செய்தியை நியாயாதிபதிகளின் ஆகமத்திற் படித்திருக்கின்றோம். ஓரெழுத்தின் வேறுபாடு உயிருக்கே உலையாய் முடிந்தது. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் பேதுருவை இன்னான் எனக் காட்டிக் கொடுத்ததும் அவனது கலிலேயப் பேச்சே. அத்தகைய வாள் நம்மிடையே இல்லை. ஆயினும் நகைப்பு என்னும் வாள் இன்னும் உறை புகவில்லை. சிறு பருவத்தில் அந்நகைப்புக்கு இலக்கான ஒருவன் பின்னர் எவ்வாறு வாழ்ந்தான் என்பதைக் காண்போம்.

பிறப்பும் வீட்டு மொழியும்

இத்தாலி நாட்டுக்கு மேற்கே நடுநிலக்கடலில் கார்சிக்கா என்னும் மலைத்தீவு ஒன்று உண்டு. நெடுங்காலம் ஜெனோவா நகரத்தாரின் ஆட்சியில் இருந்த அத்தீவு 1768-ஆம் ஆண்டு பிரஞ்சு மன்னன் கைப்பட்டது. தீவின் உரிமைக்காகப் போராடிய பாஸ்குவாலே பவோலி என்னும் தலைவர் 1769-ஆம் ஆண்டு மே மாதத்தில் தோல்வியுற்று இங்கிலாந்துக்குச் சென்றார். மூன்று திங்கள் கழிந்து, ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள், கார்லோ என்னும் வழக்கறிஞருக்கும் லெட்டிசியா அம்மைக்கும் நெப்போலியன் பிறந்தான்.

அவன் பிறந்த ஊரின் பெயரே இரு மொழிகளின் இடையே நின்றது. ஊரார் அதனை ‘அயாச்சோ’ என்றனர்; புதிதாய் வந்த பிரஞ்சுக்காரர் அதே எழுத்துக்களை ‘அஜாக்ஸியோ’ என்று படித்தனர். குழந்தைக்கு இட்ட பெயர் இத்தாலிய முறையில் ‘நபோலெயோனே’ என்பது. தீவு வழக்கில் அது ‘நபுலியோனே’ என மருவிற்று. வீட்டில் வழங்கியது இத்தாலிய மொழியின் தீவு வழக்கே. லெட்டிசியா அம்மை பின்னாளில் பேரரசனின் தாயாய்ப் பாரிசு நகரில் வாழ்ந்த காலத்தும், அவர் பேசிய பிரஞ்சில் கார்சிக்கா மலைகளின் ஒலியே மேலோங்கி நின்றது.

தந்தை கார்லோ முதலில் பவோலியின் பக்கம் நின்றவர். பின்னர்க் காலத்தின் போக்கை உணர்ந்து பிரஞ்சு ஆட்சியோடு இணங்கினார். வறிய உயர்குடிப் பிள்ளைகளுக்கு மன்னன் செலவில் கல்வி அளிக்கும் ஏற்பாடு ஒன்று அந்நாளில் இருந்தது. தம் குடியின் உயர்வை ஆவணங்களால் நிலைநாட்டி, இரண்டாம் மகனாகிய நெப்போலியனுக்கு இராணுவப் பள்ளி ஒன்றில் இடம் பெற்றார். ஆனால் அப்பள்ளியிற் புகுவதற்குப் பிரஞ்சு தெரிந்திருத்தல் வேண்டும். பிள்ளைக்கோ அம்மொழி வாராது. ஆகவே 1778-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மூத்தவன் ஜோசப்பையும் இளையவன் நெப்போலியனையும் அழைத்துக்கொண்டு கார்லோ கப்பலேறினார்.

மூன்று திங்கட் பாடம்

1779-ஆம் ஆண்டின் முதல் நாளில் உடன்பிறந்தார் இருவரும் பிரஞ்சு நாட்டு ஊரொன்றின் பள்ளியில் விடப்பட்டனர். அவ்வூரின் பெயரே அவர்களுக்கு முதற் பாடமாய் அமைந்திருக்கும். எழுத்தைக் கூட்டிப் படிப்பின் அது ‘அவுத்துன்’ என நிற்கும்; பிரஞ்சு நாவிலோ ‘ஓத்தன்’ என்பதுபோல் ஒலித்து, ஈற்று மெய் நாவைத் தீண்டாமல் மூக்கிலே கரைந்துவிடும்.

இத்தாலிய மொழி பயின்ற சிறுவனுக்கு இதில் என்ன இடர் எனிற் கூறுதும். இத்தாலிய மொழியில் எழுதிய எழுத்துக்கள் பெரும்பாலும் ஒலிக்கும். சொற்கள் பெரிதும் உயிரில் முடியும். பிரஞ்சு மொழியில் எழுதியவற்றுட் பல ஒலிப்பதில்லை. நீரைக் குறிக்கும் சொல்லை மூன்று உயிரெழுத்துக்களால் எழுதி ‘ஓ’ என்று மட்டும் ஒலிப்பர். உயர்ந்தது என்னும் பொருளுடைய சொல்லும் ‘ஓ’. எலும்புகள் என்னும் பன்மைச் சொல்லும் ‘ஓ’. எழுத்து வேறு, பொருள் வேறு, ஒலி ஒன்று. சொல்லின் ஈற்றில் நிற்கும் மெய் தனியே வருங்கால் ஊமையாய் இருக்கும். உயிர் முதலாகிய சொல் பின்னே வரின் அவ்வூமை மெய் சில இடங்களில் வாய் திறந்து அவ்வுயிரோடு கூடும். நண்பர்கள் என்று பொருள்படும் தொடரில் ‘லே’ என்பதும் ‘அமி’ என்பதும் சேர்ந்து ‘லேஸமி’ ஆகும். நம் இலக்கண நூலார் கூறும் புணர்ச்சியை அறிந்தார்க்கு இஃது ஒருவாறு விளங்கும்.

இவற்றினும் அரியது அம்மொழியின் ஓர் உயிரொலி. உகரமும் ஒகரமும் இதழ் குவிதலாற் பிறக்கும் எனத் தமிழ் இலக்கணம் கூறும். இகரத்திற்கு வேண்டியவாறு நாவை முன்னே நிறுத்தி, அதனை அசைக்காமல், உகரத்திற்கு வேண்டியவாறு இதழை மட்டும் குவித்தால் பிறப்பது அவ்வொலி. இத்தாலிய மொழியில் அஃது இல்லை. அதனை முதன்முறை கேட்கும் அயலான் தான் அறிந்த உகரமாகவே கொள்வான். நாவும் செவி கொண்டதையே திருப்பிச் சொல்லும். ஒலியை உள்ளவாறு கேட்ட பின்னரே அதனை உள்ளவாறு சொல்ல இயலும் என்பது இதனாற் பெறப்படும்.

அப்பள்ளியில் ஷார்தோன் என்னும் குருவானவர் சிறுவனுக்குப் பிரஞ்சு கற்பித்தார். ஏறத்தாழ மூன்று திங்களில் அவன் தடையின்றிப் பேசவும், சிறு கட்டுரை வரையவும் கற்றுக்கொண்டான் என்று அவர் பின்னாளிற் குறித்துள்ளார். பிரிவு வந்தபோது தமையன் தேம்பி அழ, தம்பி ஒரு துளிக் கண்ணீரே விட்டான் என்பர். இனி அவன் தன் தீவின் பேச்சைப் பேசுதற்கு உடன் ஒருவரும் இலர்.

பிரியேன் பள்ளி

1779-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவன் பிரியேன் என்னும் ஊரில் இருந்த இராணுவப் பள்ளியிற் சேர்ந்தான். துறவிகள் நடத்திய அப்பள்ளியிற் பயின்றோர் பிரஞ்சு உயர்குடியினரின் மைந்தர். இவனோ மன்னன் செலவிற் படிப்பவன். அண்மையில் வென்றடக்கிய தீவிலிருந்து வந்தவன். இவன் தன் பெயரைத் தன் ஊர் முறையில் ‘நபொய்யோனே’ என்பதுபோல் ஒலிக்கக் கேட்ட மாணாக்கர், அதனைத் தம் மொழியில் மூக்கில் வைக்கோல் என்று பொருள்படும் தொடராகத் திரித்து, அதனையே இவனுக்குப் பட்டப்பெயர் ஆக்கினர். தாய் அழைத்த பெயரே நகைப்புக்குரியதாகப் பெற்ற பிள்ளையின் நெஞ்சு எவ்வாறு இருந்திருக்கும்! அவன் தனித்திருக்கத் தலைப்பட்டான். கணக்கிலும் வரலாற்று நூல்களிலும் புகலிடம் தேடினான்.

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே கழிந்தன. 1784-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாரிசு நகரின் இராணுவப் பள்ளிக்குச் சென்றான். ஓராண்டிலேயே படிப்பை முடித்து, லாப்லாஸ் என்னும் கணிதப் பேரறிஞர் நடத்திய தேர்விலே தேறினான். தேறிய 58 பேருள் 42-ஆம் இடம் பெற்றுப் பதினாறாம் வயதில் பீரங்கிப் படையின் இளந்தலைவன் ஆனான். மீண்டும் தன் தீவை அவன் கண்டது 1786-ஆம் ஆண்டு செப்டம்பரிலே தான். சென்றபோது பிரஞ்சு அறியாத சிறுவன். மீண்டபோது பிரஞ்சிலே நினைத்துப் பிரஞ்சிலே எழுதும் இளைஞன்.

எழுத்தார்வமும் அவனுக்கு மிகுதி. கார்சிக்காவின் வரலாற்றைப் பிரஞ்சு மொழியில் வரையத் தொடங்கினான். 1791-ஆம் ஆண்டு லியோன் நகரக் கழகம் வைத்த பரிசுக்குக் கட்டுரை எழுதி, பரிசு பெறாமற் போனான். தன் தீவை வென்றவர் மொழியிலேயே தன் தீவின் பெருமையை எழுத முயன்றது நினைக்கத்தக்கது. ஆனால் 1793-ஆம் ஆண்டிற் பவோலியோடு மாறுபட்டமையால் அவன் குடும்பம் தீவை விட்டே ஓட நேர்ந்தது. அதன் பின் பிரஞ்சு நாடே அவன் நாடாயிற்று. 1796-ஆம் ஆண்டு இத்தாலியப் படையெடுப்பின் காலத்தில், ‘புவோனபார்த்தே’ என்னும் குடிப்பெயரில் ஓர் உயிரெழுத்தை நீக்கிப் ‘போனபார்த்’ எனக் கையொப்பமிடலானான். நாவைத் திருத்துதல் அரிதாயினும் பெயரைத் திருத்துதல் எளிதாயிற்று.

பேரரசனின் சொற்பிழைகள்

அந்நாளிற் பிரஞ்சு நாடெங்கும் பிரஞ்சு மொழியே வழங்கிற்று என்று எண்ணிவிடுதல் கூடாது. கிரெகுவார் என்னும் குருவானவர் 1794-ஆம் ஆண்டு மக்கட் பேரவைக்கு அளித்த அறிக்கையில், பிரஞ்சு மக்களுள் 60 இலட்சம் பேரேனும் அம்மொழியை அறியார் என்றும், அதனைத் தூய்மையாகப் பேசுவோர் 30 இலட்சத்திற்கு மேற்படார் என்றும் கணக்கிட்டார். பேரரசன் நாவில் அயலொலி இருந்ததெனின், அவன் குடிகளிற் பெரும்பாலோர் நாவிலும் தத்தம் ஊரொலியே இருந்தது. நகைத்தவர் சிறு தொகையினரே. ஆனால் பள்ளியும் அவையும் அச்சிறு தொகையினர் கையில் இருந்தன.

1804-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நெப்போலியன் முடி சூடினான். அவன் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல எழுதியோர் கை ஓயும், அத்துணை விரைவு. அவன் கடிதங்கள் 2004-ஆம் ஆண்டு முதல் 2018-ஆம் ஆண்டு வரை பதினைந்து தொகுதிகளாக வெளிவந்தன. அவை 40,000-க்கு மேற்பட்டவை. ஆயினும் அவன் பேச்சை அருகிருந்து கேட்ட ஷப்தால் என்னும் அமைச்சர் ஒரு குறையைத் தம் நினைவு நூலிற் பதிந்துள்ளார். ஒரு சொல்லை முதன்முறை பிழையாகக் கேட்டுவிட்டால், பின்னர் எத்தனை முறை சரியாகக் கேட்டாலும், நெப்போலியன் தான் முதலிற் கொண்ட பிழை வடிவையே வழங்குவான் என்பது அக்குறை. பிலிப்பைன் தீவுகளைப் ‘பிலிப்பிக்’ தீவுகள் என்பான். அவையின் அமர்வைக் குறிக்கும் ‘செஸ்ஸியோன்’ என்பதைப் பிரிவு என்று பொருள்படும் ‘செக்ஸியோன்’ ஆக்குவான். ஆயுள் உள்ளளவும் பெறும் உதவித்தொகையைக் குறிக்கும் ‘வியாஜேர்’ என்னும் சொல் அவன் வாயில் ‘வுவாயாஜேர்’ ஆகும். அது பயணத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்தது. பொது மன்னிப்பைக் குறிக்கும் ‘அம்னிஸ்தி’ என்பதற்குப் போர்நிறுத்தம் என்று பொருள்படும் ‘அர்மிஸ்தீஸ்’ என்பதைச் சொல்வான்.

இவற்றை நகைச்சுவையாகக் கொண்டு கடந்துவிடலாம். ஆயினும் சற்று நின்று நோக்குதல் தகும். கார்சிக்கா ஒலி அவன் நாவில் தங்கியது அவன் குற்றம் அன்று. அது தாய் தந்த செல்வம். ஆனால் மன்னிப்புக்கும் போர்நிறுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் காதில் ஏற்றுக்கொள்ளாமை பிறப்பால் வந்தது அன்று. சிறுவனாய் இருந்தபோது பிழை சொன்னால் நகைத்துத் திருத்தப் பலர் இருந்தனர். பேரரசனாய் ஆனபோது பிழை சொன்னால் திருத்தத் துணிந்தவர் அரியர். நகைப்பினின்று தப்பிய அவன் திருத்தத்தினின்றும் தப்பிவிட்டான். சொல்லில் மட்டுமோ இது? அறிவுரைக்குச் செவி சாய்க்காமல் 1812-ஆம் ஆண்டு உருசிய நாட்டின்மேற் படையெடுத்துச் சென்று, பனியிலும் பசியிலும் எண்ணிறந்த உயிர்களைப் பறிகொடுத்ததை நினைக்குங்கால், செவி மூடிய தலைவனால் விளையும் கேடு எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

மற்றொன்றும் கூறற்பாலது. தன்மேற் சுமத்தப்பட்ட மொழியை அவன் பிறர்மேற் சுமத்தவும் தயங்கினான் அல்லன். 1803-ஆம் ஆண்டு, பிரஞ்சு நாட்டோடு சேர்க்கப்பட்ட பகுதிகளில் அரசியல் ஆவணங்கள் யாவும் பிரஞ்சு மொழியிலேயே அமைய வேண்டும் என்று அவன் ஆட்சி ஆணையிட்டது. இத்தாலிய மொழி பேசும் பீட்மான்ட் நாட்டுப் பிள்ளைகளும் அவன் முன்பு பட்ட பாட்டைப் பட்டிருப்பர். ஆயினும் 1809-ஆம் ஆண்டு தஸ்கனி நாட்டார் தம் ஆவணங்களில் இத்தாலிய மொழியையும் வழங்கலாம் என்று அவனே இசைவு அளித்தான். தாய்மொழியின் பக்கம் அவன் உள்ளம் ஒருமுறையேனும் திரும்பிற்று என்று கொள்ள அது சிறு சான்று.

மீண்டும் மாணாக்கன்

1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூப் போரில் அவன் ஆட்சி முடிந்தது. ஆங்கிலேயர் அவனை அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே உள்ள செயின்ட் ஹெலினாத் தீவுக்குக் கொண்டுபோயினர். தீவிற் பிறந்தவன் தீவிலேயே அடைபட்டான். இம்முறையும் சுற்றியிருந்தோர் மொழி அவனுக்குத் தெரியாத மொழி. முதல் இரண்டு திங்கள் பால்கோம் என்னும் ஆங்கிலேயர் தோட்டத்தில் தங்கினான். அவர் மகள் பெட்ஸி என்னும் சிறுமி பிரஞ்சு பேசக் கற்றிருந்தாள். ஐரோப்பாவை நடுங்க வைத்தவனிடம் அச்சமின்றி உரையாடி விளையாடியவள் அவள்.

1816-ஆம் ஆண்டு ஜனவரியில், உடன் வந்திருந்த லாஸ் காஸ் என்பவரிடம் அவன் ஆங்கிலம் கற்கத் தொடங்கினான். ஆங்கில நாளிதழ்களைத் தானே படிக்க வேண்டும் என்பது அவன் அவா. அப்போது அவனுக்கு வயது 46. இலக்கண வாய்பாடுகளை எழுதிப் பழகினான்; ஆசிரியருக்கு ஆங்கிலத்திலேயே கடிதமும் வரைந்தான். அவற்றுட் சில தாள்கள் இன்றும் கிடைக்கின்றன. மார்ச்சு மாதத்தில் எழுதிய கடிதம் ஒன்றில், ஆறு வாரமாய்க் கற்றும் முன்னேற்றம் இல்லையே என்று அவன் வருந்துகின்றான். நாளொன்றுக்கு ஐம்பது சொல் கற்றிருந்தால் ஈராயிரத்து இருநூறு சொல் தெரிந்திருக்குமே என்று கணக்கிடுகின்றான். அகராதியிலோ நாற்பதினாயிரத்துக்கு மேல் உள்ளனவே என்று மலைக்கின்றான். அவன் எழுத்திற் பிழை மலிந்துள்ளது. அவன் வாயில் ஆங்கிலம் வேறொரு புது மொழியே ஆயிற்று என்பது லாஸ் காஸ் தரும் குறிப்பு. ஆயினும் முயன்று படிக்கும் அளவிற்குக் கற்றுக்கொண்டான். அவ்வாண்டின் இறுதியில் ஆசிரியர் தீவினின்று அகற்றப்பட, பாடமும் நின்றது.

ஒன்பது வயதில் ஓத்தன் பள்ளியிற் கட்டாயத்தாற் கற்றவன் நாற்பத்தாறு வயதில் விரும்பிக் கற்றான். முடியும் படையும் இருந்த நாளிற் பிறர் திருத்தத்தை ஏலாதவன், அவையிரண்டும் போன பின்னர்ப் பிழை மலிந்த தாளைத் தன் பணியாளர் முன் நீட்டித் திருத்தம் வேண்டினான். அவன் வெற்றிகளைப் போற்றுவோர் பலர். எம் உள்ளத்தைக் கவர்ந்தது அந்தத் தாளே.

1819-ஆம் ஆண்டு கார்சிக்காவிற் பிறந்த மருத்துவர் ஒருவரும் குருவானவர் இருவரும் அத்தீவுக்கு வந்து சேர்ந்தனர். இளமையிற் கேட்ட ஒலி கடைசி நாட்களில் மீண்டும் அவன் செவியில் விழுந்தது. 1821-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள், 51-ஆம் வயதில், அவன் இறந்தான். 1840-ஆம் ஆண்டு அவன் உடல் பாரிசு நகருக்குக் கொண்டுவரப் பெற்றது. வைக்கோற் பெயரால் நகைத்த நாடு பெருஞ்சிறப்புடன் அதனை எதிர்கொண்டது.

முடிவுரை

கல்லூரித் தோழர்களே! நம்மிடையே சிற்றூர்களினின்று வந்தோர் பலர். அவர்கள் ஆங்கிலம் பேச எழுந்தால் சிலர் முகத்தில் முறுவல் தோன்றுகின்றது. தமிழ் பேசினும் ழகரம் வாராதவனைக் கண்டு நகைப்போர் இல்லாமல் இல்லை. ஒருவன் நாவில் அவன் ஊர் இருப்பது அவன் அறியாமைக்கு அடையாளம் அன்று. அவன் மற்றுமொரு மொழியை முன்னரே உடையவன் என்பதற்கே அடையாளம். பிரியேன் பள்ளியில் நகைத்தவருட் பெரும்பாலோர் பெயர் இன்று நமக்குத் தெரியாது. நகைக்கப்பட்டவன் பெயரை உலகம் அறியும். ஆகவே பிறர் ஒலியை இகழ்தல் தகாது.

நகைப்புக்கு அஞ்சி வாய் மூடியிருப்பதும் தகாது. பிறர் திருத்தும்போது செவி மூடுவதும் தகாது. திருத்துவோர் அன்போடு திருத்துக. கற்போர் நாணமின்றிக் கேட்டுக் கற்க. நெப்போலியன் என்னும் இப்பெயரையே நாம் தமிழ் நாவிற்கேற்ப வேறாக்கித்தான் சொல்லுகின்றோம். அவன் தாய் கேட்பின் நம்மை நகைப்பாளோ, திருத்துவாளோ அறியோம். திருத்தினால் மறுமுறை இதழைக் குவித்துச் சொல்லிப் பார்ப்போம்.